புடெண்டல் நரம்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: வீடு திரும்புகிறவருக்கு ஒரு வழிகாட்டி

உட்கார்ந்தால் எரிச்சல், எழுந்து நின்றால் கொஞ்சம் தணிவு, படுத்தால் ஓரளவு நிம்மதி என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு, பல மருத்துவர்களிடம் பல பெயர்களைக் கேட்டு, கடைசியில் இடுப்புக்குழிக்குள் புடெண்டல் நரம்பு நெரிபடுகிறது என்று தெரியவந்து, அதை விடுவிக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். நானும் அந்தச் சிகிச்சை செய்துகொண்டவள். தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை எனக்குத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் மூன்றாம் மாதத்தில் வலி பழைய உக்கிரத்தோடு திரும்பினால் அதற்கு என்ன பொருள், எத்தனை நிமிடம் உட்காரலாம், எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயப்படத் தேவையில்லை என்பதையெல்லாம் நானாகத் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே உள்ளவை பொதுவான நடைமுறைகள். உங்கள் அறுவை மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கடைப்பிடியுங்கள். உள்ளே எந்தத் தசைநாரை வெட்டினார், எதைத் தொடாமல் விட்டார், நரம்பு எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

உள்ளே நடந்தது என்ன

புடெண்டல் நரம்பு முதுகெலும்பின் அடியில், எஸ்2, எஸ்3, எஸ்4 எனப்படும் நரம்பு வேர்களிலிருந்து புறப்படுகிறது. இடுப்பெலும்பில் உள்ள ஒரு சிறு முள் போன்ற நீட்சிக்கு அருகே, இரண்டு தடித்த தசைநார்களுக்கு இடையில் புகுந்து, பிறகு அல்காக் கால்வாய் என்ற குறுகலான உறைக்குள் சென்று, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கும் கிளை பிரிகிறது. அந்த இடங்களின் உணர்ச்சி மட்டுமல்லாமல், சிறுநீரையும் மலத்தையும் அடக்கிவைக்கும் வளையத் தசைகளின் கட்டுப்பாடும் இந்த நரம்பைச் சார்ந்ததுதான். பெரும்பாலும் அந்த இரண்டு தசைநார்களுக்கு இடையிலோ அல்காக் கால்வாயிலோதான் நரம்பு நெரிபடுகிறது. அறுவை சிகிச்சையில் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி நரம்புக்கு இடம் உண்டாக்குகிறார்கள். சிலருக்குப் பிட்டத்தின் வழியாகவும், சிலருக்கு ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியின் வழியாகவும், சிலருக்கு வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப்பி முறையிலும் செய்கிறார்கள். காயம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து முதல் சில வாரங்களின் கட்டுப்பாடுகள் மாறும். அதற்குப் பிந்திய மாதங்கள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஏன் மாதங்கள் ஆகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். அறுவை சிகிச்சை நரம்பின் மேல் இருந்த அழுத்தத்தை நீக்குகிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு தன் உறையைப் புதுப்பித்துக்கொள்ள வாரங்களிலிருந்து மாதங்கள் வரை ஆகும். உள்ளிருக்கும் இழையே சேதமடைந்திருந்தால் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். 10 சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்க 100 நாள் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நெடுங்காலம் வலியைச் சுமந்த தண்டுவடமும் மூளையும் சிறு தொடுதலைக்கூட வலியாகவே படிக்கப் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் கத்தி பட்டவுடன் மறைந்துவிடாது.

பிரான்சின் நாந்த் நகரில் ரோஜே ரொபேர் குழுவினர் 32 நோயாளிகளை வைத்து நடத்தி 2005-ல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வின் முடிவு இதையே காட்டுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 3 மாதத்தில் பாதிப்பேர்தான் முன்னேற்றம் கண்டார்கள். 12 மாதத்தில் அது 71.4 சதவீதமாக உயர்ந்தது. அறுவை இல்லாத குழுவில் 12 மாதத்தில் 13.3 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான் என்றாலும், மூன்றாம் மாதத்தில் நான் அழுதுகொண்டிருந்தபோது இந்த இரண்டு எண்களும் எனக்குப் பெரிய துணையாக இருந்தன.

போவதற்கு முன் வீட்டில் செய்துவைக்க வேண்டியவை

படுத்தபடியே எட்டும் உயரத்தில் மருந்து, தண்ணீர், செல்போன் சார்ஜர், நோட்டுப்புத்தகம் ஆகியவற்றை வைக்க ஒரு மேசை ஏற்பாடு செய்யுங்கள். முழங்கால்களுக்கு இடையில் வைக்க ஒரு தடித்த தலையணை, கழிப்பறையில் கால் வைக்க ஒரு சிறு முக்காலி, நடுவில் பள்ளம் விட்ட உட்காரும் மெத்தை ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நின்றபடி சாப்பிடவும் எழுதவும் மார்பளவு உயரத்தில் ஏதாவது ஒரு பரப்பு வேண்டும். புத்தக அலமாரியின் ஒரு தட்டே போதும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வாகனத்தில் பின் இருக்கையில் ஒருக்களித்தோ, முன் இருக்கையை நன்றாகச் சாய்த்தோ வருவதற்கு வழி உண்டா என்றும் பார்த்துவையுங்கள். இருக்கைப் பட்டையை மட்டும் விடக் கூடாது. புகைபிடிப்பவர்கள் நிறுத்த வேண்டிய நேரமும் இதுதான். நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போவது நல்லது.

முதல் இரண்டு வாரங்கள்

சிறுநீர் வடியப் பொருத்தியிருந்த கதீட்டர் குழாயை எடுத்த பிறகு முதல் சில முறை சிறுநீர் தயங்கித் தயங்கித்தான் வரும். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தோள்களைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டபடி காத்திருங்கள்; முக்கக் கூடாது. 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வராமல் அடிவயிறு கனத்தால் மருத்துவமனையை அழைத்துவிட வேண்டும்.

படுக்கும்போது காயமில்லாத பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மேல் கால் முன்னோக்கிச் சரிந்தால் பிட்டம் இழுபட்டு வலிக்கும், தலையணை அதைத் தடுக்கும். எழும்போது இடுப்பை முறுக்காமல், உடம்பை மரக்கட்டை போல ஒரே துண்டாக உருட்டி, கால்களைக் கட்டிலின் விளிம்பில் தொங்கவிட்டு, கைகளை ஊன்றித் தள்ளி எழுங்கள். விளிம்பில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம், நேராக நின்றுவிடுங்கள்.

முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்க வேண்டும். ஒரே மூச்சாக அரை மணி நேரம் நடப்பதைவிட, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூன்று நான்கு நிமிடம் நடப்பது நல்லது. படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். உட்கார முடியாதவர் அதிக நேரம் படுக்கையிலேயே இருப்பதால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, இந்த அசைவு அதைக் குறைக்கும்.

மருந்து விஷயத்தில், வலி ஏறிய பின் மாத்திரையைத் தேடுவதைவிட முதல் சில நாள்கள் குறித்த நேரத்தில் எடுத்துக்கொள்வதே உதவும். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரகாபலின் அல்லது கபாபென்டினோடு டிராமடால், மார்ஃபின் வகை மருந்துகளும் சேர்ந்தால் மயக்கமும் மூச்சு மந்தமாவதும் நேரலாம். அந்த நாள்களில் மதுவைத் தொடக் கூடாது. வீட்டில் ஒருவர் உங்களைக் கவனித்தபடி இருக்க வேண்டும்.

ஐஸ் பை இதமாக இருக்கும், ஆனால் துணி சுற்றி, 10 அல்லது 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மரத்துப்போன தோலுக்குக் குளிரோ சூடோ புண்ணாக்குவது தெரியாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுதல், காயத்திலிருந்து சீழ் அல்லது நாற்றமுள்ள கசிவு, காயத்தைச் சுற்றிச் சட்டென்று கல் போல வீங்குதல் ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பாதத்தைத் தூக்க முடியாமல் போதல், இரு பக்கமும் புதிதாகப் பரவும் மரத்துப்போதல், மலமோ சிறுநீரோ அறியாமலே வெளியேறுதல் ஆகியவற்றுக்கு நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வெட்டிய இடத்தருகே தோல் மரத்திருப்பதும், பிட்டத்தின் வழியாகச் சிகிச்சை செய்தவர்களுக்குத் தொடையின் பின்புறம் சில நாள் எரிவதும் இவற்றில் சேராது. அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும்.

கழிப்பறை

இதை எழுதவும் பேசவும் பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால் முதல் மாதத்தில் உங்கள் வலியைத் தீர்மானிக்கப் போவது பெரும்பாலும் இதுதான். முக்கும்போது இடுப்புத்தளம், அதாவது இடுப்புக்குழியின் அடியைத் தாங்கும் தசைத் தொகுதி, கீழே தள்ளப்பட்டு, இப்போதுதான் விடுபட்ட நரம்பு இழுபடுகிறது. ஒரு நாள் முக்கியதற்கு மூன்று நாள் வலித்தது என்று சொல்லாதவர் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் குறைவு.

மலச்சிக்கல் வந்த பிறகு மருந்து தேடுவது தாமதம். வலிநிவாரணிகளில் மார்ஃபின் வகையும், நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் குடலை மந்தமாக்குபவை. எனவே அவற்றைத் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவை தண்ணீரைக் குடலுக்குள் நிறுத்திவைத்து மலத்தை இளக்குகின்றன. வெறும் நார்ச்சத்துப் பொடியை நம்பிப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அது உள்ளேயே இறுகிக்கொள்ளும். மலம் பற்பசையைப் போல இளகி, முக்காமல் வெளியேறும் நிலைதான் நமக்கு வேண்டியது. நீராகப் போனாலும் துடைத்துத் துடைத்து எரிச்சல் உண்டாகும் என்பதால் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உட்காரும் முறை இது. காலுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலியை வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்றே மேலே இருக்கும்படி அமர்ந்து, முன்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, வாயைக் குவித்து, சூடான ஒன்றை ஊதி ஆற்றுவதுபோல நீளமாக விடுங்கள். வயிறு விரிந்தபடியே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கழிப்பறை இருக்கை என்பது நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி. அதில் இருபது நிமிடம் உட்காருவது இடுப்புத்தளத்தை ஆதரவில்லாமல் தொங்கவிடுவதற்குச் சமம். தரையோடு அமைந்த, குந்தி அமரும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால், பிட்டத்தில் காயமுள்ளவர்கள் முதல் ஆறு வாரமாவது அதைத் தவிர்த்து, கழிப்பறை நாற்காலி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஆழமாகக் குந்தும்போது காயமும் நரம்பும் ஒருசேர இழுபடும்.

கழுவியபின் அழுத்தித் துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்.

உட்காரப் பழகுதல்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது. பெரும்பாலானோர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார் பயந்து மாதக்கணக்கில் உட்காரவே மறுக்கிறார்கள். அதனால் தசைகள் இளைத்து, உட்காருவது என்றாலே உடம்பு விறைத்துக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. மற்றொரு சாரார் ஒரு நல்ல நாள் வந்தவுடன் வலி போய்விட்டது என்று நம்பி, விட்டுப்போன வேலைகளையெல்லாம் அன்றைக்கே முடிக்கப் பார்க்கிறார்கள். நான் இரண்டாவது சாரார். பத்தாவது வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்து எரிச்சலே இல்லை. அன்று மாலை ஒரு உறவினரோடு பேசிக்கொண்டு 1 மணி 40 நிமிடம் நாற்காலியில் இருந்துவிட்டேன். இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரவில் எரிச்சல் தொடங்கி ஒன்பது நாள் படுக்கையைவிட்டு நகர முடியவில்லை. நரம்பு அன்றைக்கே பதில் சொல்வதில்லை. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் சொல்கிறது. ஆகவே கெட்ட நாளைவிட நல்ல நாளில்தான் அதிகக் கவனம் தேவை.

மருத்துவர் உட்கார அனுமதித்த பிறகு இப்படித் தொடங்குங்கள். பள்ளம் விட்ட மெத்தையில் உட்கார்ந்து, எரிச்சல் ஏறத் தொடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். அது 8 நிமிடம் என்றால் உங்கள் தொடக்க அளவு 4 நிமிடம். அலாரம் வைத்து, 4 நிமிடம் ஆனதும் வலி இல்லாவிட்டாலும் எழுந்துவிட வேண்டும். இப்படி நாளுக்கு ஐந்தாறு முறை. மூன்று நாள் தொடர்ந்து மறுநாள் அமைதியாக இருந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் எரிச்சல் கூடியிருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். பூஜ்யத்துக்குப் போய்விடாதீர்கள். நான் 19-ஆம் நாளில் 3 நிமிடத்தில் தொடங்கினேன். ஐந்தாம் மாத முடிவில் 35 நிமிடம், ஓராண்டு நிறைந்தபோது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவில் நான்கு முறை பின்னுக்குப் போயிருக்கிறேன்.

மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டமாக நடுவில் ஓட்டை போட்ட டயர் போன்ற மெத்தையைத்தான் பலரும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதில் உட்கார்ந்தால் சுற்றியுள்ள சதை ஓட்டையை நோக்கி இழுபடும். பலருக்கு அதுவே வலியைக் கூட்டுகிறது. முன்னும் பின்னுமாக நீளவாக்கில் பள்ளம் விட்டு, உட்கார் எலும்புகள் இரண்டும் இருபுறமும் தாங்கப்படும் மெத்தைதான் பெரும்பாலானோருக்கு ஏற்றது. வாங்கும் முன் சோதிக்க வேண்டுமானால் இரண்டு தடித்த துண்டுகளைச் சுருட்டி இரு தொடைகளுக்கும் கீழே வைத்து நடுவில் இடைவெளி விட்டு உட்கார்ந்து பாருங்கள். சரியான மெத்தையில் அமர்ந்திருக்கும்போது, தட்டையாக நீட்டிய உங்கள் கை நடுப்பள்ளத்துக்குள் தடையில்லாமல் போய்வர வேண்டும். கை சிக்கினால் பள்ளத்தின் ஆழம் போதாது என்று பொருள்.

நடையும் உடற்பயிற்சியும்

ஆறு வாரம் வரை நடைதான் முதன்மையான பயிற்சி. சமதளத்தில், குட்டை அடியாக வைத்து, மெதுவாக நடக்க வேண்டும். கனமானதைத் தூக்குதல், படிகளில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குதல், ஆழமாகக் குந்துதல், கால்களை அகட்டி நீட்டும் பயிற்சி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை விட்டுவிடுங்கள். சைக்கிளைத் தொட வேண்டாம். இருக்கை முனை இந்த நரம்பின் மேலேயே அழுத்துவதால் சைக்கிள் ஓட்டிகளுக்கு இந்த நோய் வருவது 1980-களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. முழுதாகக் குணமானவர்களிலும் பலர் அதற்குப் பிறகு சைக்கிள் பக்கம் போவதில்லை.

இன்னொரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். இடுப்புத்தளப் பிரச்சினை என்றதும், சுற்றியிருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு, இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி இறுக்கி விடும் கேகல் பயிற்சி செய்யச் சொல்வார்கள். நரம்பு நெரிபட்ட பெரும்பாலானோருக்கு இடுப்புத்தளத் தசைகள் வலியின் காரணமாக ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும். இறுகியதை மேலும் இறுக்குவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதாகும். முதலில் அவற்றைத் தளர்த்தக் கற்க வேண்டும். மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு உயர்வதையும் அதோடு ஆசனவாய்ப் பகுதி மெல்லக் கீழிறங்கித் தளர்வதையும் கவனியுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசை இறங்கும்போது இடுப்புத்தளமும் கூடவே இறங்குவது உடம்பின் இயல்பு. நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நிமிடம் போதும். முதல் வாரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, நாள் முழுக்க அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது சட்டென்று புலப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று தாடையை விட்டது போன்ற உணர்வு அது.

காயம் ஆறியபின், இடுப்புத்தளச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போக வேண்டும். முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் பார்ப்பவர் எல்லோரும் இதைப் பார்க்க முடியாது. எனவே முதல் சந்திப்பிலேயே புடெண்டல் நரம்பு நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். உள்பரிசோதனை தேவைப்பட்டால் என்ன செய்யப் போகிறார் என்பதை முன்னரே விளக்கி உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். எந்த நிமிடத்திலும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சை முடிந்த பின் ஒரு நாள் வலி கூடுவது இயல்பு. மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் அழுத்தம் அதிகம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வலி திரும்பும் நாள்கள்

சுரீரென்று மின்சாரம் பாய்வது, எறும்பு ஊர்வது, ஒரு இடத்தில் இருந்த எரிச்சல் இன்னொரு இடத்துக்கு நகர்வது, மரத்திருந்த தோல் தொட்டாலே கூசுவது என்று புதுப்புது உணர்வுகள் முதல் ஆறு மாதத்தில் வந்து போகும். விழித்தெழும் நரம்பு இப்படியெல்லாம் செய்யும். அதனால் ஒவ்வொன்றையும் பின்னடைவாக எண்ணிக் கலங்க வேண்டாம். வலி கூடிய நாளில் புதிய மருந்து, புதிய பயிற்சி எதையும் தொடங்காதீர்கள். உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, நடையைக் குறைத்து ஆனால் நிறுத்தாமல், மூச்சுப் பயிற்சியைக் கூட்டி, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தணியும். இரண்டு வாரமாகியும் ஒரு அங்குலம்கூடத் தணியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

இரவில் வருவது வேறு. இந்த நோயைக் கண்டறிய 2008-ல் வெளியான நாந்த் அளவுகோல்களில் ஒன்று, வலி தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லை என்பது. காயம் ஆறும் முதல் வாரங்களில் வலியால் விழிப்பது சகஜம். ஆனால் அதற்கெல்லாம் பிறகு, தூக்கத்தைக் கலைக்கும் வலி புதிதாகத் தொடங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும். தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள்.

சற்று நன்றாக இருக்கிறது என்றதும் நரம்பு வலி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பிரகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், வியர்வை என்று உடம்பு பாடாய்ப் படும். அந்தத் தொல்லையை நோய் திரும்பிவிட்டது என்று தவறாக எண்ணவும் கூடும். மருத்துவர் வகுத்துத் தரும் அட்டவணைப்படி படிப்படியாகக் குறையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மருந்துகளைக் குறைக்க வேண்டாம். எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வீட்டாரும் துணைவரும் வேலையும்

வெளியே பார்ப்பவர்களுக்கு நீங்கள் நன்றாக நடக்கிறீர்கள், முகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் சாப்பாட்டு மேசையில் மட்டும் உட்கார மறுக்கிறீர்கள். அவர்களுக்கு இது புரியாததில் வியப்பில்லை. நோயைப் பற்றி நீளமாக விளக்குவதைவிட, "எனக்கு இப்போதைக்கு 10 நிமிடம்தான் உட்கார முடியும், பிறகு நின்றுகொண்டு பேசுகிறேன்" என்று எண்ணோடு சொல்லுங்கள். எண் இருந்தால் வாக்குவாதம் வராது. வீட்டில் ஒருவருக்காவது நோயின் பெயரும் அவசர அறிகுறிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

தாம்பத்திய உறவை மருத்துவர் அனுமதிக்கும்வரை, பொதுவாகக் குறைந்தது ஆறு வாரமாவது, தள்ளிவையுங்கள். தொடங்கும்போது மறுநாள் வலி கூடலாம், உணர்ச்சி குறைந்தோ கூடியோ மாறியிருக்கலாம் என்பதை இருவரும் முன்பே பேசிக்கொண்டால் மனத்தாங்கல் வராது. இந்த வலியோடு நெடுநாள் வாழ்ந்தவர்களில் மனச்சோர்வு அடையாதவர்கள் அரிது. காலையில் எழவே பிடிக்காத நாள்கள் தொடர்ந்தால், வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அதையும் ஒரு அவசர அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்புவது வேலையைப் பொறுத்தது. நின்று செய்யும் இலகுவான வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் போகிறவர்கள் உண்டு. நாற்காலியில் எட்டு மணி நேரம் இருக்க வேண்டிய வேலைக்கு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மேசையும் நடுவில் படுத்து ஓய்வெடுக்க ஓர் இடமும் கிடைத்த பிறகே திரும்புங்கள். முதல் மாதம் அரை நாள் போதும். அலுவலகத்துக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்றில் ஓய்வு தேவை என்று மட்டும் இல்லாமல், ஒரே மூச்சில் எத்தனை நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீண்ட பயணத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க முடியாவிட்டால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

நோட்டும் மறுபரிசீலனையும்

ஒரு சாதாரண நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதிவாருங்கள். தேதி, ஒரே மூச்சில் அதிகபட்சம் உட்கார்ந்த நிமிடம், நடந்த நிமிடம், மலம் எளிதாகப் போனதா, வலி 0 முதல் 10 வரை எத்தனை, மருந்தில் மாற்றம் உண்டா என்ற ஆறு கட்டங்கள் போதும். வலியின் எண்ணை மட்டும் எழுதினால் அது உங்கள் மனநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். என் நோட்டில் இரண்டாம் மாதமும் ஆறாம் மாதமும் வலி 5 என்றே இருக்கிறது. ஆனால் அந்த 5-க்கு எதிரே உட்கார்ந்த நேரம் முன்பு 6 நிமிடம், பின்பு 40 நிமிடம். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் முன்னேறிக்கொண்டிருக்கிறேன் என்பதை நானே நம்பினேன்.

சிகிச்சை பலித்ததா என்ற தீர்ப்பை ஓராண்டுக்கு முன் எழுத வேண்டாம். சிலருக்கு இரண்டாம் ஆண்டிலும் மாற்றம் தொடர்கிறது. ஓராண்டு கடந்தும் நோட்டின் எண்கள் அசையவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாகப் பொருள் இல்லை. தசைகளின் இறுக்கத்துக்கு ஊசி, மருந்தை மாற்றிப் பார்ப்பது, நரம்புத் தூண்டல் கருவி, நெரிசல் வேறு இடத்திலும் இருக்கிறதா என்று மறுபடி ஆராய்வது என்று பல வழிகள் உள்ளன. அந்தச் சந்திப்புக்குப் போகும்போது நோட்டின் கடைசி மூன்று மாதப் பக்கங்களையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும், அறுவையின்போது என்ன கண்டார்கள் என்ற குறிப்பின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முந்தைய இரவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு அறையில் நிற்க நேர்ந்தால், உட்காரச் சொல்பவர்களிடம் தயங்காமல் மறுத்து, நின்றபடியே காத்திருங்கள்.